புது பிக்கப்பும் மூன்று மொட்டையும்

லோடு வண்டிக்காரனிடம் அவன் வண்டியைப் பற்றிக் கேட்பதும், பெற்றவளிடம் பிள்ளையின் அழகைப் பற்றிக் கேட்பதும் ஒன்றுதான். நியாயமான பதில் வராது. அடுத்தவன் வண்டியைப் பற்றிக் கேட்டாலோ, பதில் நிற்கவே நிற்காது. கள்ளக்குறிச்சியில் எங்கள் பிக்கப் ஸ்டாண்டில் லோடு வராத நேரமெல்லாம் இந்தப் பேச்சிலேயே போகும். அந்தப் பேச்சில் ரோஷப்பட்டு நான் கல்வராயன் மலை ஏறிய கதை இது. (எழுதும்போதே வலது கால் பிரேக்கைத் தேடுகிறது.)

நைனார்பாளையம் என் ஊர். பத்தாம் வகுப்புக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, ஸ்டேரிங் ஒத்துவந்தது. எங்கள் ஊர் மாரியம்மன் புண்ணியத்தில் அதிலேயே கல்யாணம், வீடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் நடந்தது. என் பழைய வண்டி ஓடி ஓய்ந்தபோது, உருவத்தையே மாற்றி அப்போதுதான் வந்திருந்த புது மாடல் பெரிய பிக்கப்பை எடுத்தேன். காளை மாதிரி முகம். நீளமான தொட்டி. பின்னால் பார்க்க ஒரு கேமரா, இடிக்கப் போனால் கத்துகிற சென்சார், அதையெல்லாம் காட்ட முன்னால் ஒரு சின்ன டிவி.

ஸ்டாண்டில் கொண்டு போய் நிறுத்தியதும் முதலில் வந்தது செல்வராசு அண்ணன். அவரிடம் இருப்பது இதே கம்பெனியின் பழைய மாடல். சட்டைப் பையில் சீப்பு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. அப்படி ஒரு முடி. புது வண்டியின் கதவை விரலால் தட்டிப் பார்த்தார்.

“தகரம்.”

“இல்லண்ணே, கெட்டியாத்தான் இருக்குது.”

“கெட்டியா? என் வண்டி மேல மாடு மோதினா மாடு வுழும். இது மேல கோழி மோதினா நீ ஷெட்டுக்குப் போவணும். பழைய மாடலோட இரும்பு நின்னு போச்சி முருகேசா.”

அடுத்தது அந்தோணி. எனக்குப் பள்ளிக்கூடச் சேக்காளி. அவனுடையது வேறு கம்பெனி, மூக்கே இல்லாத தட்டை முகம். கண்ணாடியில் ஜெபமாலை ஆடும். அவன் கீழே குனிந்து பார்த்துவிட்டுத் துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னான்.

“மூக்கு ஜாஸ்திடா. மலையில பெண்டு திரும்பும்போது மொதல்ல இதோட மூக்கு போவும், அப்பால வண்டி போவும், கடைசியா நீ போவ. எனுது தட்டை மூஞ்சி. சுவத்துல ஒட்டிக்கினு நிக்கும்.”

“ஒட்டிக்கினு நிக்கறதுக்கு அது பல்லியாடா?” என்றார் செல்வராசு அண்ணன்.

இருவரும் ஒரு பத்தடி கூட என் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டால் கருத்து கம்மியாகிவிடும் அல்லவா?

எனக்கு வண்டியைத் திட்டியது வலிக்கவில்லை. அவர்கள் பார்த்த பார்வைதான் வலித்தது. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் இரண்டு பேருமே அந்தக் கேமராவை உற்றுப் பார்த்தார்கள். நல்ல கண்ணா அது? வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கலாவிடம் சொன்னேன். “வெள்ளிக்கிழம பூசைய பலமா போட்டுடுங்க. கண்ணு பட்ட எடத்துலயே பொட்டு வையுங்க” என்றாள்.

வைத்தேன். மாரியம்மன் கோயில் வாசலில் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, முகப்புக்குப் பட்டை போட்டு, பக்கக் கண்ணாடி இரண்டுக்கும் சாமந்தி மாலை சுற்றினேன். (பூசை மாலையை நாமாகக் கழற்றக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.) பிறகு பின்பக்கம் போனேன். கேமராவுக்குச் சந்தனத்தை வழித்து அப்பி, அதன்மேல் குங்குமத்தைக் குழைத்து ஒரு பொட்டு. பக்கத்திலே சின்னச் சின்னதாக வட்டங்கள் தெரிந்தன. அவற்றுக்கு மட்டும் என்ன குறை என்று அவற்றுக்கும் ஆளுக்கொரு பொட்டு. அவைதான் சென்சார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கையெடுத்துக் கும்பிட்டேன். இனி எவன் கண்ணும் படாது.

மறுநாளே வெள்ளிமலையில் சிமெண்டு கடை வைத்திருப்பவர் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பினார். மலைக்கு மூட்டை ஏற்ற நிரந்தரமாக ஒரு வண்டி வேண்டுமாம். எனக்கு அது உயிர் மாதிரி. புது வண்டிக்குத் தவணை கட்ட வேண்டியவன் நான்தானே. செல்வராசு அண்ணன் சிரித்தார். “இத்த வச்சிக்கினு மலையா?” அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டான். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“ரெண்டு பேரும் வாங்க. ஒக்காந்து பாத்துட்டு அப்பறமா பேசுங்க.”

வந்தார்கள். மூட்டையை அடுக்கித் தார்ப்பாய் கட்டி, நடுவில் அண்ணன், ஜன்னலோரம் அந்தோணி. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி மலை ஆரம்பிக்கிற வரைக்கும் நான் அந்த டிவியின் பெருமையையே பேசிக்கொண்டு போனேன். “இனிமே தலைய நீட்டி பின்னாடி பாக்கற வேலையே இல்ல. எல்லாத்தையும் அதுவே சொல்லிடும்.” பூசைக்குப் பிறகு ரிவர்ஸ் போடுகிற வேலையே வரவில்லை, ஒருமுறை போட்டுக் காட்டியிருக்கலாம். நேரம் வரும்போது காட்டலாம் என்று இருந்துவிட்டேன்.

நேரம் வந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பினேன், எதிரே பஸ். பாதி வளைவுக்குள் வந்துவிட்டது. பஸ்ஸால் இனி பின்னால் போக முடியாது. நான்தான் வந்த வழியே இறங்கி, கொஞ்சம் கீழே இருக்கிற அகலமான இடத்தில் ஒதுங்க வேண்டும். இடது பக்கம் பள்ளம். பள்ளம் என்றால் மர உச்சியெல்லாம் நம் காலுக்குக் கீழே தெரிகிற பள்ளம்.

“இப்ப பாருங்க” என்று ரிவர்ஸ் கியரைப் போட்டேன்.

டிவி முழுக்க ரத்தம்.

ரத்தம் என்றுதான் நினைத்தேன். ஓரம் தெரியவில்லை, ரோடு தெரியவில்லை, ஒரே சிவப்பு. கூடவே “கீ...” என்று விடாமல் ஒரு அலறல். ஷோரூமில் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. விட்டு விட்டுக் கத்தினால் தூரத்தில் ஏதோ இருக்கிறது. விடாமல் கத்தினால் வந்தாச்சு. எனக்குப் பின்னால் என்ன வந்தாச்சு? பள்ளம்தான் வந்தாச்சு!

பிரேக்கை மிதித்தேன். மூட்டை பாரத்தில் வண்டி ஒரு முனகு முனகி நின்றது. வலது கண்ணாடியைப் பார்த்தேன், சாமந்தி. இடது கண்ணாடியைப் பார்த்தேன், சாமந்தி. தலையை வெளியே நீட்டினேன், அவிழ்ந்த தார்ப்பாய் காற்றில் படபடத்து முகத்தில் அடித்தது.

“அந்தோணி, ஒன் பக்கம் பாரு! இன்னா தெரியிது?”

எட்டிப் பார்த்தவன் உடனே கண்ணை மூடிக்கொண்டான். “ஒண்ணும் தெரியலடா. ஒண்ணுமே இல்லடா அங்க!”

“டயராவது ரோட்டுல கீதா?”

“யேசுவே...”

செல்வராசு அண்ணன் என் தொடையைப் பிடித்த பிடியில் அது ஒரு வாரம் கன்றிப் போயிருந்தது. “கால எடுக்காதடா. நீ கால எடுத்த, நாம போய்ட்டோம். நான் அப்பவே சொன்னன், பழைய மாடல்ல...”

“அண்ணே, இப்ப மாடலா முக்கியம்!”

பஸ்காரர் ஹாரன் அடித்தார். வண்டி அலறியது. கால் நடுங்க ஆரம்பித்தது, கால் நடுங்கினால் பிரேக்கும் நடுங்குமே என்ற நினைப்பில் இன்னும் நடுங்கியது. கலா முகம் வந்தது. பிள்ளைகள் முகம் வந்தது. வேறு வழி தெரியாமல் கத்திவிட்டேன்.

“தாயே மாரியம்மா! எங்கள உசுரோட எறக்கி வுட்டுடு! எங்க மூணு பேருக்கும் மொட்டை போடறேன்!”

அண்ணன் சட்டென்று என் பக்கம் திரும்பினார். “மூணா? மூணாவது யாரு?”

“நீங்கதாண்ணே.”

“என் தலைய நேந்துக்க நீ யாருடா?”

“நான் மாதா கோயிலுக்குப் போறவன்டா!” என்றான் அந்தோணி, கண்ணைத் திறக்காமலே.

அதற்குள் பஸ் கண்டக்டர் விசிலோடு இறங்கி எங்கள் பின்னால் போய்விட்டார். “வரலாம், வரலாம்! யோவ், வாய்யா! ஒரு லாரி நிக்கற எடம் கெடக்குது!”

“இல்லீங்க, இல்லைன்னு வண்டி சொல்லுதுங்க!”

“வண்டி சொல்லுதா? நான் சொல்றது ஒனக்குப் பெருசா தெரியல?” பிறகு மலையே கேட்கிற மாதிரி அவர் குரல். “இன்னாய்யா இது, கேமராவுக்கு இவ்ளோ பெரிய பொட்டு வச்சிக்கினு கீற? யாராவது எறங்கி வந்து தொடைங்கய்யா!”

அந்தோணி கதவோடு ஒட்டி ஒட்டி இறங்கிப் போனான். எனக்கு அவர் சொன்னது காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. கண் அந்தச் சிவப்பிலேயே இருந்தது. திடீரென்று சிவப்பு விலகியது. நடுவில் ஒரு முகம். திரை முழுக்கப் பெரிய முகம், பெரிய மீசை, உருட்டி விழித்த கண்.

“அய்யா! கருப்பசாமி!” என்று ஸ்டேரிங்கை விட்டு இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டேன்.

கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தவர் செல்வராசு அண்ணன். “டேய், அது அந்தோணிடா!”

திரையில் கருப்பசாமி துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டது. பின்னால் அகலமான, காலியான, கல் சுவர் கட்டிய நல்ல ரோடு. அந்தோணி சின்னப் பொட்டுகளையும் துடைத்ததும் அலறல் கப்பென்று நின்றது. ஒரு குழந்தை கூட அந்த இடத்தில் வண்டியை ஒதுக்கியிருக்கும். ஒதுக்கினேன். பஸ் எங்களைக் கடந்தபோது ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு சிரித்த முகம். ஒரு அம்மா மட்டும் என் வண்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வெள்ளிமலையில் நான் இறங்குவதற்குள் கதை எனக்கு முன்னால் வந்திருந்தது. அந்த பஸ் டிரைவர் கடைக்காரரின் மச்சானாம், போனிலேயே சொல்லிவிட்டார். நிரந்தர லோடு போச்சு என்று தலையைத் தொங்கப்போட்டு நின்றேன். கடைக்காரர் மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஒரு மூட்ட கூட ஒடையலயே?”

“இல்லைங்க.”

“போன மாசம் வந்தவன் பயமே இல்லாத ஆளு. பாதி மூட்டைய ரோட்டுல வுட்டுட்டு வந்தான். நீயே வா. இவ்ளோ பயம் இருக்கறவன்தான் எனக்கு வேணும்.”

இன்றைக்கும் அந்த லோடு எனக்குத்தான். என் பயத்துக்குக் கிடைத்த வேலை அது, அம்மன் அளந்த படி.

ஆனால் அம்மனுக்குச் சொன்ன சொல் பாக்கி இருந்ததே. அதில் நான் விளையாட மாட்டேன். என் தலையை உடனே கொடுத்துவிட்டேன். அந்தோணி வேளாங்கண்ணிக்குப் போய் அவன் தலையைக் கொடுத்தான். (“ரெண்டு அம்மாளும் பேசி வச்சிக்குவாங்க” என்றான்.) செல்வராசு அண்ணன்தான் மாதக்கணக்கில் இழுத்தார். கடைசியில் அவர் பழைய மாடல் சின்னசேலத்தில் நடு ரோட்டில் நின்றுபோனது. மறுநாளே யாரும் சொல்லாமல் கோயிலில் வந்து உட்கார்ந்தார். சீப்பை மட்டும் பையிலிருந்து எடுக்கவில்லை. முடி திரும்ப வளர்ந்தது, பழைய அடர்த்தி வரவில்லை.

கலா இப்போதும் நான் சாவியை எடுத்தால், “கண்ண தொடச்சீங்களா?” என்றுதான் வழியனுப்புவாள். வெள்ளிக்கிழமை பொட்டை முகப்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஸ்டாண்டில் யாராவது புதிதாக வந்து, “அந்தப் புது மாடல் பிக்கப் எப்படிங்க, எடுக்கலாமா?” என்று கேட்டால், நானும் அந்தோணியும் செல்வராசு அண்ணனைக் கை காட்டுவோம். அவர் உச்சந்தலையைத் தடவிக்கொண்டே பதில் சொல்வார்.

“நல்ல வண்டிங்க. மலை ஏறுது, எறங்குது, ஒரு கொறையும் சொல்ல முடியாது. முடி மட்டும் போவும்.”