முன்அனுபவம் உள்ள பூனை

ஒரு காட்டில் எலி வளர்ப்பது திடீரென்று நாகரிகமாகிவிட்டது. எலி இல்லாத வீட்டில் யாரும் காபி குடிக்கக்கூட உட்காருவதில்லை என்ற நிலை வந்ததும், கீரி கனகசபையை அதிகாரியாகப் போட்டு ஓர் எலிக் காப்பகம் திறந்தார்கள்.

பூங்காவனம் என்கிற முயல் அங்கே நாகரிகத்துக்காகப் போகவில்லை. குட்டிகளெல்லாம் தனித்தனியாக வளை தோண்டிக்கொண்டு போன பிறகு அவளுக்குப் பேச்சுத்துணை இல்லை. நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஒற்றை எலி ஏங்கிப்போகும், அதனால் இரண்டாக வாங்க வேண்டும். ஆணும் பெண்ணுமாக வாங்கினால் இரண்டு மாதத்தில் வீடு கொள்ளாது. கண் பளிச்சென்று இருக்க வேண்டும், மூச்சில் இரைச்சல் கூடாது. அரை நாள் உட்கார்ந்து பார்த்து எள்ளு, கொள்ளு என்ற அக்கா தங்கையைத் தேர்ந்தெடுத்தாள். எள்ளு அவள் காதுக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்தது. கொள்ளு மடியிலேயே தூங்கிவிட்டது.

பிறகு படிவம் வந்தது. முன்அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள். கனகசபை பேனாவை மூடினார். அனுபவம் இல்லாதவர்களிடம் ஓர் உயிரை ஒப்படைக்க முடியாது என்றார். வளர்த்தால்தானே அனுபவம் வரும் என்று அவள் கேட்டதற்கு, அதெல்லாம் மேலிடத்தில் கேட்க வேண்டியது என்றார்.

அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றது சௌந்தரவல்லி என்ற பூனை.

"எலிகளோடு பழக்கம் உண்டா?" என்று கேட்டார் கனகசபை.

"கண் திறந்த நாள்லேர்ந்து."

"இதுவரைக்கும் எத்தனை எலி?"

"ஆயிரத்துக்குக் குறையாதுங்க."

"எந்த எலியாவது உங்கமேல புகார் கொடுத்திருக்கா?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

கனகசபை எழுந்து நின்று தன் நாற்காலியைப் பூனைக்குக் கொடுத்தார்.

எலிகளையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று பூங்காவனம் கெஞ்சினாள். எலியின் விருப்பத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லையாம். கொள்ளு அவள் ரோமத்தைப் பிடித்த பிடியை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தெடுத்து, எள்ளுவோடு சேர்த்துப் பூனையின் கூடையில் போட்டார்கள்.

மறுநாள் காலை, பயத்தை விழுங்கிக்கொண்டு பூங்காவனம் பூனை வீட்டுக்குப் போனாள். கூண்டு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. தண்ணீர்க் கிண்ணம் நிரம்பியிருந்தது. எலிகள் எங்கே என்று கேட்டாள்.

"ரெண்டும் உள்ளேதான் இருக்கு" என்றது பூனை, மீசையைத் துடைத்துக்கொண்டே.

பூங்காவனம் ஒரே ஓட்டமாகக் காப்பகத்துக்கு ஓடி, மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். கனகசபை பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அவளுக்குத் தண்ணீர்கூட வரவழைத்துக் கொடுத்தார்.

"உன் வருத்தம் புரியுதும்மா. ஆனா பாதிக்கப்பட்ட எலிதான் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். போய்க் கூட்டிக்கிட்டு வா."

அந்த ஆண்டின் சிறந்த எலி வளர்ப்பாளர் விருது சௌந்தரவல்லிக்குக் கிடைத்தது. மேடையில் கனகசபை புகார்ப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு துண்டுக் காகிதம்கூட விழவில்லை. காடே எழுந்து நின்று கைதட்டியது.

நீதி: உங்கள்மீது யாரும் புகார் சொல்லக்கூடாது என்றால், யாரையும் மிச்சம் வைக்காதீர்கள்.