அம்மா சொல்லாத ஓடிபி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கியவன் நான். அந்தத் திமிரில் நான் செய்த சேவைகளிலிருந்து எங்கள் தேயிலை எஸ்டேட் இன்னும் முழுதாக மீளவில்லை.

எங்கள் ஊரான சேரங்கோட்டில் என் புஷ்பா அக்கா கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரர் வரவில்லை. படமெல்லாம் எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுச் சனங்களின் செல்போன்களில்தான். நான் வீடு வீடாகப் போய்ப் போன்களை வாங்கி, சிக்னல் கிடைக்கும் மலைமேல் கொண்டுபோய் எல்லாவற்றையும் என் கிளவுட் கணக்கில் ஏற்றி, "இனி பத்திரம்" என்று அவர்கள் போன்களிலிருந்து அழித்தும் கொடுத்தேன். (இடம் மிச்சமாகுமாம்!) பிறகு என் போன் மழையில் நனைந்து செத்தது. கூடலூர் கடையில் வாங்கிய புதுப் போன் கடவுச்சொல் கேட்டது. யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி வைத்திருந்தேன், என்னாலும் முடியவில்லை.

கல்யாணத்தன்று ஆஸ்பத்திரியில் கிடந்த அக்காவின் மாமியார், நான் போன் வாங்கிய மறுநாள் படம் பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஓடிபி போகும் எண் அம்மாவுடையது. வீட்டில் சிக்னல் கிடையாது; அம்மா கொழுந்து பறிக்கும் மலைமேல்தான் உண்டு. கடையில் நின்றபடியே அழைத்தேன்.

"அம்மா, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு."

"யாரு பேசுறது?"

"நாந்தாம்மா, ராஜன்."

"அப்படித்தான் சொல்லுவானுங்க."

தப்பு என்னுடையது. போன மாதம்தான் லைன் பெண்களை உட்காரவைத்து மோசடிக்காரர்களைப் பற்றி வகுப்பெடுத்திருந்தேன். "நானே கேட்டாலும் சொல்லாதீங்க, என் குரல்லயே பேசுவான்" என்று.

"பாக்கியம், இங்க வா! எம்மவன் குரல்லயே ஒருத்தன் பேசுறான்!"

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை ஸ்பீக்கரில் வந்தார். "நீ ராஜன்னா, புஷ்பா கல்யாணத்துல உனக்கு என்ன ஆச்சு, சொல்லு பாப்பம்."

கடையில் நல்ல கூட்டம். வாயைப் பொத்திக்கொண்டு, "வேட்டி அவுந்துருச்சு" என்றேன்.

"விளங்கல. சத்தமா!"

"பந்தியில சாம்பார் ஊத்துறப்ப என் வேட்டி அவுந்துருச்சு!"

மலைமேல் ஒரே சிரிப்பு. கடைக்குள்ளும்தான். "நம்ம புள்ளதான்" என்று அம்மா எண்ணை வாசித்தாள். அதற்குள் அது காலாவதி. அடுத்த எண் வந்தது. அம்மா பழையதையே மறுபடி வாசித்தாள். கணக்கு பூட்டிக்கொண்டது.

மறுநாள் மாமியார் வந்ததும் நான் காப்பி போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் புகுந்துகொண்டேன். பாக்கியம் அத்தைதான் கொழுந்துக்காரிகளோடு வந்து, தாலி கட்டியதிலிருந்து சாம்பார் வரைக்கும் நடித்தே காட்டினார். மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "படத்துல இவ்வளவு வராது" என்றார். சில நாள் கழித்துக் கணக்கு திறந்தபோது, அவர் கேட்டனுப்பியது ஒரே ஒரு படம். எது என்று நான் சொல்லமாட்டேன்.

இப்போது கோவையில் வேலை பார்க்கிறேன். போன் செய்தால், சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால் அம்மா ஒரு கேள்வி கேட்பாள். (கேள்வி தயாரிப்பது மலைமேல் இருக்கும் மொத்தக் கூட்டமும்.) போன வாரம், "உன் மனசுல இருக்கிற பொண்ணு பேரு என்ன?" என்றாள். பழக்க தோஷம், சட்டென்று "ஸ்டெல்லா" என்றுவிட்டேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது, அப்படி ஒருத்தி இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது என்று.

"ஏய் பாக்கியம், இருக்காளாம்டி!"