ஆமாம் போடும் பென் டிரைவ்

“பூட் செய்ய ஒன்றும் அகப்படவில்லை” என்று அந்தப் புது மெஷின் மறுபடியும் சொன்னது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில்தான் சொன்னது. ஆனாலும் நன்கொடை கேட்டு வந்தவனிடம் கதவைத் திறக்காமலே ‘வீட்ல யாரும் இல்ல’ என்று சொல்கிற தொனி அதில் இருந்தது.

அதன் முன்னால் உட்கார்ந்திருந்த ‘சிஸ்டம்’ பென் டிரைவைப் பிடுங்கி, சட்டை நுனியில் துடைத்து, ஒருமுறை ஊதி, மறுபடி சொருகினார். துடைப்பதாலும் ஊதுவதாலும் ஒன்றும் ஆகாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர் அவர்தான்.

மெத்தை தயாரிக்கிற அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் என்று எது இருந்தாலும் அவர் பொறுப்பு. பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், சுவர்க் கடிகாரம் நின்றுபோனாலும் அவரைத்தான். வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரை அவரை ‘சிஸ்டம்’ என்றே அழைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

அன்று காலை மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

“சிஸ்டம், முதலாளி இப்பதான் ஃபோன் பண்ணார். நாளைக்கு மத்தியானம் புதுக் கிளை திறப்பு விழா இருக்குல்ல, அதுக்கு ரெண்டு சர்வர் ரெடியா இருக்கணுமாம்.”

“ரெண்டா சார்?”

“ரெண்டு. ஒண்ணு திணறினா இன்னொண்ணு தாங்கணுமாம். போன தடவை மாதிரி பாதியில நின்னு மானத்த வாங்கிடக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டார்.”

போன தடவை வியாபாரிகள் கூட்டத்தில் பழைய சர்வர் நட்டநடுவில் படுத்துவிட, பெரிய திரைக்கு முன்னால் முதலாளி அசட்டுச் சிரிப்போடு நின்றதைச் சிஸ்டம் மறக்கவில்லை. ‘இந்த வேலையையே வெளிக் கம்பெனிகிட்ட விட்டுட்டா என்ன?’ என்று அதற்குப் பிறகு ஒரு பேச்சு அடிபட்டதும் அவர் காதுக்கு வந்திருந்தது.

“குடோன்ல ரெண்டு புது மெஷின் பெட்டி பிரிக்காம கிடக்கே, அதத்தான சார் சொல்றாரு?”

“பின்ன, வேற எதைச் சொல்வாரு?”

இப்படித்தான் சிஸ்டம் குடோனுக்கு வந்து, மெத்தைகளுக்கு நடுவில் மேஜை போட்டு, இரண்டு மெஷின்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எத்தனையோ பழைய மெஷின்களுக்கு லினக்ஸ் என்கிற இயக்க மென்பொருளைப் போட்டுப் பழகிய அவருடைய ராசியான பென் டிரைவ் கையில் இருந்தது. அதைத்தான் இந்தப் புது மெஷின் மதிக்கவே இல்லை.

வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. பழைய மெஷின்கள் சாதுக்கள். பென் டிரைவின் தொடக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் கேள்வி கேட்காமல் எழுந்துவிடும். இவை யூ.ஈ.எஃப்.ஐ. என்கிற புது வழக்கக்காரர்கள். பென் டிரைவில் குறிப்பிட்ட வகையில் ஃபார்மேட் செய்த ஒரு பகுதி இருக்க வேண்டும், அதில் குறிப்பிட்ட பெயரில் ஃபோல்டர் இருக்க வேண்டும், அதற்குள் முறையாகக் கையெழுத்திட்ட ஃபைல் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் திரும்பிப் பார்க்காது.

“சம்பந்தி வீட்டு முறுக்கு” என்று முனகிக்கொண்டே சிஸ்டம் லேப்டாப்பைத் திறந்தார். புது முறைப்படி எழுதப் பார்த்தால், ராசியான பென் டிரைவில் இடம் போதவில்லை.

அக்கவுண்ட்ஸ் அக்காவிடம் போனார். எந்த நேரமும் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே பேசுகிற நல்ல மனுஷி.

“அக்கா, பெரிய பென் டிரைவ் ஏதாவது இருக்கா?”

“இருக்கே. இந்தா.”

கம்பெனி விளம்பரத்துக்காக வியாபாரிகளுக்குக் கொடுத்த, குட்டி மெத்தை வடிவிலான நீலப் பென் டிரைவ் அது. ஆபீஸில் மேஜைக்கு மேஜை அதுதான் கிடக்கும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

“உள்ள முக்கியமா எதுவும் இல்லையே?”

“என்கிட்ட என்ன முக்கியம் இருக்கப் போகுது? அழிச்சுக்கோ.”

அழித்தார். முறைப்படி எழுதினார். சொருகினார். மெஷின் எழுந்தது! எழுந்ததோடு கேள்வியும் கேட்க ஆரம்பித்தது. எந்த மொழி, எந்த நேரம், எந்த டிஸ்க், டிஸ்கை அழிக்கலாமா, நிச்சயமாகவா? பதில் சொல்ல உட்கார்ந்தால் யாராவது கூப்பிட்டார்கள். பிரிண்டரைப் பார்த்துவிட்டு வருவதற்குள் மெஷின் கோபித்துக்கொண்டு முதல் கேள்விக்கே திரும்பியிருந்தது.

அப்போதுதான் சிஸ்டத்துக்கு அந்த அருமையான யோசனை வந்தது. எல்லாக் கேள்விக்கும் பதிலை முன்கூட்டியே பென் டிரைவுக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டால்? சொருகினால் போதும். ‘டிஸ்கை அழிக்கலாமா?’ ஆமாம். ‘நிச்சயமாகவா?’ ஆமாம், ஆமாம். மேனேஜர் முதலாளிக்கு ஆமாம் போடுவதுபோல, பென் டிரைவ் மெஷினுக்கு ஆமாம் போட்டுக்கொண்டே போகும்.

அதைச் செய்தார். முதல் மெஷின் யாருடைய தயவும் இல்லாமல் தானாகவே சர்வராகிவிட்டது. அதே பென் டிரைவை இரண்டாவது மெஷினில் சொருகி ஓடவிட்டு, கைக்கு இன்னொன்று இருக்கட்டும் என்று ஆபீஸ் அலமாரியிலிருந்து வேறொரு நீல மெத்தையை எடுத்து, அதிலும் அப்படியே எழுதினார். எழுதி முடித்த நேரத்தில் லேப்டாப், ‘அப்டேட் வந்திருக்கிறது, ரீஸ்டார்ட் செய்யவா?’ என்று கேட்டது. பசி. அவரும் ஒரு ஆமாம் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

பென் டிரைவ் லேப்டாப்பிலேயே இருந்தது. பென் டிரைவ் இருந்தால் முதலில் அதைப் பார் என்று அந்த லேப்டாப்புக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கும் சொல்லி வைத்திருந்தவரும் அவரேதான்.

சாப்பிட்டுத் திரும்பியபோது லேப்டாப் கறுப்புத் திரையில் ஒற்றைக் கோடு மினுக்க, ‘பெயரைச் சொல்’ என்றது. அதுவும் சர்வராகியிருந்தது. படம், பாட்டு, ஃபைல் எல்லாம் துடைத்து வைத்த கல்லாப்பெட்டி மாதிரி சுத்தம்.

‘சரி, போனது என் சாமான்தானே’ என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கும்போது ஃபோன் வந்தது. மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

“என்னங்க, உங்க லேப்டாப்ல கேள்வித்தாள் டைப் பண்ணி வச்சேனே, அத அனுப்புங்க. அச்சுக்குப் போகணும்.”

சிஸ்டம் தொண்டையைக் கனைத்தார். “அது வந்து... லேப்டாப் இப்ப சர்வராயிடுச்சு.”

“ஆகட்டும். கேள்வித்தாள அனுப்புங்க.”

“கேள்வித்தாள் இருந்த எடத்துலதான் சர்வர் இருக்கு.”

“சாயங்காலம் வீட்டுக்குத்தான வருவீங்க?” என்று மிக மென்மையாகக் கேட்டுவிட்டு அவள் ஃபோனை வைத்தாள். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஃபோனைச் சட்டைப் பைக்குள் போடுவதற்குள் அக்கவுண்ட்ஸ் அக்கா குடோனுக்கு ஓடி வந்தாள். கையில் கால்குலேட்டர் இல்லை. விஷயம் பெரியது என்று அதிலேயே தெரிந்தது.

“தம்பி, காலைல குடுத்தேனே, அது என் பென் டிரைவ் இல்லப்பா. மேனேஜர் என்கிட்ட பத்திரமா வச்சிருக்கச் சொன்னது!”

“அதுல என்ன இருந்துச்சு?”

“முதலாளியோட சின்ன வயசு ஃபோட்டோ. மொதல் மெத்தைய தோள்ல தூக்கிட்டுப் போனது, வாடகை ஷெட்டு முன்னாடி நின்னது எல்லாம். நாளைக்கு விழாவுல பெரிய திரையில ஓட்டணும்னு மேனேஜர் ஒரு மாசமா தேடித் தேடிச் சேர்த்தது.”

சிஸ்டம் பக்கத்திலிருந்த மெத்தையில் பொத்தென்று உட்கார்ந்தார். நல்ல வேளை, விற்பனைக்கு வைத்தது. நன்றாகத் தாங்கியது.

“அவரு கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருக்குமே அக்கா?”

“இருக்கும். அதுலேர்ந்துதான் இதுல போட்டார்.”

“அப்ப பொழச்சோம். நாளைக்குக் காலைல அவரு வர்றதுக்கு முன்னாடி அவர் கம்ப்யூட்டர ஆன் பண்ணி, அந்த ஃபோட்டோவ எல்லாம் மறுபடி பென் டிரைவ்ல ஏத்திடுங்க. யாருக்கும் தெரியாது. நான் இத துடைச்சுத் தர்றேன்.”

ஒரு நீல மெத்தையைத் துடைத்தார். துடைத்ததை மேஜையில் வைத்தார். ஆமாம் போடுகிற இன்னொன்று பக்கத்திலேயே இருந்தது. அந்த நேரத்தில் மேனேஜர் எட்டிப் பார்க்க, இரண்டையும் அள்ளிப் பைக்குள் போட்டு, அவர் போனதும் ஒன்றை எடுத்து அக்காவிடம் கொடுத்தார்.

எதைக் கொடுத்தார் என்று இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

மேனேஜர் அன்றைக்கு எட்டிப் பார்த்தது இன்னொரு விஷயத்துக்காக. “சிஸ்டம், முதலாளிகிட்ட மறுபடி கேட்டுட்டேன். ரெண்டு சர்வரும் ஹால்லயேதான் இருக்கணுமாம். பளிச்சுனு, பார்க்க லட்சணமா இருக்கணும்னு சொன்னார்.”

“ஹால்லயா? சர்வர ஏசி ரூம்ல இல்ல சார் வைப்பாங்க?”

“பெரிய மனுஷங்க வர்றாங்கப்பா. நம்மகிட்ட இருக்கறத காட்டணும்ல?”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அதற்குள் இரண்டாவது மெஷினும் சர்வராகியிருந்ததால், இரண்டுக்கும் இணைப்புக் கொடுத்து, ஒன்றை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தார். இன்னொன்று சிணுங்காமல் வேலையை எடுத்துக்கொண்டது. அவ்வளவு அவதியிலும் அந்த ஒரு நொடி அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

வீட்டில் மனைவி சாப்பாட்டு மேஜையில் கேள்வித்தாளை முதலிலிருந்து கையால் எழுதிக்கொண்டிருந்தாள். சிஸ்டம் பூனை மாதிரி உள்ளே வந்தார்.

“நான் வேணா டைப் பண்ணித் தரவா?”

“வேணாம். பழைய கேள்வித்தாள் ரொம்ப சுலபமா இருந்துச்சு. இது நல்லா வந்துட்டு இருக்கு. இன்னிக்கு எனக்கு வந்த கோவத்தையெல்லாம் கேள்வியா இறக்கிட்டேன். பசங்கதான் பாவம்.”

முகம் தெரியாத பிள்ளைகளுக்காகச் சிஸ்டம் மனமார வருந்தினார்.

மறுநாள் காலையில் அவர் ஆபீஸுக்குள் கால் வைக்கும்போதே மேனேஜர் அறையிலிருந்து அலறல் கேட்டது.

“என் கம்ப்யூட்டர் என்கிட்டயே ‘நீ யாரு’ன்னு கேக்குது!”

அக்கா வாசலில் நின்று கையைப் பிசைந்தாள். “நீ சொன்ன மாதிரிதான் தம்பி செஞ்சேன். சொருகிட்டு ஆன் பண்ணேன். தானா என்னென்னமோ ஓடுச்சு. நல்லா வேலை செய்யுதேன்னு நெனச்சு டீ குடிக்கப் போயிட்டேன்.”

மறைத்துப் பிரயோஜனமில்லை. சிஸ்டம் மேனேஜர் முன்னால் நின்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார்.

“ஃபோட்டோ?”

“போச்சு சார்.”

“என் பேச்சு? அதையும் இதுலதான் டைப் பண்ணி வச்சிருந்தேன்.”

“அதுவும் போச்சு சார்.”

“ஒரு மாசம்யா!” என்றார் மேனேஜர். “அந்த ஃபோட்டோவ பார்த்தா முதலாளி கண் கலங்குவார்னு நெனச்சேன். இப்ப நான்தான் கலங்கி நிக்கறேன்.” பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “அந்த ரெண்டு சர்வராவது உருப்படியா இருக்கா?”

“அது சிங்கம் மாதிரி இருக்கு சார்.”

“அப்ப அதை வச்சுதான் இன்னிக்கு நம்ம ரெண்டு பேரோட மானமும். வா, தூக்கு.”

புதுக் கிளை ஹாலின் நடுவில் மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, இரண்டு சர்வர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். சிஸ்டம் தூசி தட்டி, கைக்குட்டையால் பளபளவென்று துடைத்தார். மேனேஜர் தன் கையாலேயே பச்சை விளக்குகள் வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். பச்சையும் நீலமுமாக அவை மினுக்கிக்கொண்டு நிற்க, அக்காகூட ஒரு நிமிஷம் கால்குலேட்டரை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

திறப்பு விழா நன்றாகவே நடந்தது. கையில் காகிதம் இல்லாததால் மேனேஜர் மனதில் பட்டதை நாலே வார்த்தை பேசி உட்கார்ந்தார். அவர் பேச்சுக்கு ஆபீஸ் முழுக்க மனதாரக் கைதட்டியது அதுதான் முதல் தடவை. மத்தியானம் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு முதலாளி ஹாலுக்குள் வந்தார். சுவரோரம் நீள மேஜைகளில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். முதலாளி நடுவிலிருந்த வெள்ளைத் துணி மேஜையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னய்யா இது?”

மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். “நீங்க கேட்ட ரெண்டு சர்வர் முதலாளி. நேத்து பூரா நம்ம சிஸ்டம் தூங்காத குறையா உழைச்சு ரெடி பண்ணார். ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு தாங்கும்.”

சிஸ்டம் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி மெஷின்களைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், காலித் தட்டுகளுக்கு முன்னால் காத்திருந்த விருந்தாளிகளைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் பின்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு, தோளில் துண்டும் கையில் கரண்டியுமாக விருந்துச் சமையல்காரர் வந்தார். மினுக்குகிற விளக்குகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, சிஸ்டத்தின் காதருகே குனிந்தார்.

“மெஷினெல்லாம் அம்சமாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதுல எது சோறு பரிமாறும், எது தண்ணி ஊத்தும்?”