வெளியே போய்விட்டு உள்ளே வரவும்

விதிகளை எழுதுகிறவன் அவற்றைத் திரும்பப் படிப்பதில்லை. இந்த உண்மை எனக்கு ஓய்வுபெற்ற மூன்றாம் நாள் தெரிந்தது.

காரைக்குடியில் ஒரு கல்லூரியின் சர்வர்களைக் கட்டிக் காத்தவன் நான். மதிப்பெண் சர்வருக்குள் நுழையத் தனி ஆளுக்கு உரிமை கிடையாது. குழுவுக்குத்தான் உரிமை, ஆள் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். "நம்ம ஊரில் கல்யாணமானவனைக் கோயில் வரிக்கணக்கில் புள்ளியாகச் சேர்த்தால்தானே கணக்கு? முகத்தைப் பார்த்தா சேர்க்கிறார்கள்?" என்று விளக்குவேன். (யாரும் கேட்டதில்லை.) ஓய்வுபெற்ற மாலையே குழுவிலிருந்து என் பெயரை நானே நீக்கினேன். அவ்வளவு ஒழுக்கம்.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்குத் தேர்வு முடிவு வெளியாக வேண்டும். வணிகவியல் மதிப்பெண்களை மட்டும் காணோம். முதல்வர் கூப்பிட்டார். செக்காலையில் ஆட்டோ பிடித்து, மாப்பிள்ளை முறுக்கோடு போய், என் பழைய கணினியில் என் பெயரில் உள்ளே நுழைந்து உட்கார்ந்தேன். என் இடத்துக்கு வந்திருந்த மீனாள், அதன்பிறகு என்னைக் குழுவில் சேர்த்தார்.

சர்வரைத் தட்டினேன். 'அனுமதி இல்லை.'

"சேத்துட்டியாம்மா?"

"சேத்துட்டேன் சார். பேரு இருக்கு, பாருங்க."

பெயர் இருந்தது. குழுவுக்கு உரிமையும் இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. மீனாளைச் சந்தேகப்பட்டேன், சர்வரைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் நான் நான்தானா என்றே சந்தேகம் வந்தது. மணி பத்தரை.

"குழுவையே சர்வர்லருந்து எடுத்துட்டு, புதுசாச் சேத்துரும்மா." (முப்பது வருட அனுபவம் பேசியது.)

எடுத்தார். திரும்பச் சேர்க்கப் போனவர் முகம் வெளுத்தது.

"சார், இப்ப எனக்கும் அனுமதி இல்லங்குது."

"உனக்கு எப்படிம்மா இல்லாமப் போகும்?"

"நானும் அந்தக் குழுவுலதான சார் இருக்கேன்! தனி ஆளுக்கு உரிமையே கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?"

முதல்வர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், உள்ள வாரேன்னு வந்துட்டு, இருந்தவுகளையும் வெளிய தள்ளிட்டீக?"

அவசரக் கடவுச்சொல் அவருடைய பீரோவில், நான் முத்திரையிட்ட உறையில் இருந்தது. (பீரோ சாவி கிடைக்க ஒரு மணி நேரம்.) கூடவே நான் எழுதிய விதித்தாள். மீனாள் உரக்கப் படித்தார்: "விதி ஒன்று. குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் கணினியை விட்டு வெளியேறி, மறுபடி உள்ளே வந்தால்தான் உரிமை செல்லும்."

பிறகு மெதுவாகக் கேட்டார்: "சார், நீங்க வெளியவே போகலியா?"

முடிவு இரண்டு மணிக்கு வெளியானது. முதல்வர் எனக்குக் காபிகூடச் சொல்லவில்லை. மீனாளோ என் மனைவிக்குப் போன் போட்டுவிட்டார்.

இன்றும் நான் இரண்டாவது கந்தரப்பம் கேட்டால், மனைவி தட்டை நகர்த்திக்கொண்டு வாசலைக் காட்டுகிறாள்.

"வெளிய போயிட்டு உள்ள வாங்க. அப்பத்தான் செல்லும்."

போய்விட்டுத்தான் வருகிறேன். அதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது.