வைப்பர் போட்ட குற்றத்துக்கு ஒரு வாக்குமூலம்

வில்லாபுரம், மதுரை.
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அழகுமலை அவர்களின் சமுகத்திற்கு, மாமா மொக்கைச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அக்கா பாண்டியம்மாளும் சுகம். தாங்கள் சென்னையில் சுகமாக இருக்க அழகர் துணை நிற்பாராக.

"தங்கள்", "தாங்கள்" என்று பார்த்ததுமே உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். வந்தது சரிதான் மாப்ள. உன் காரை மோத விட்டுவிட்டேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே கத்துவாய், நான் பாதியிலேயே வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். யார் உயிருக்கும் ஒன்றுமில்லை.

சென்னையில் நிறுத்த இடமில்லை என்று காரை எங்கள் வீட்டில் விட்டுப்போனாய். என் மகள் தமிழ்வாணிக்குப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு, கார் வேண்டும் என்று கேட்டேன். "எடுத்துக்கங்க மாமா, ஆனா அருண்பாண்டிதான் ஓட்டணும்" என்றாய். என் மகன் அருண்பாண்டிக்கு அன்று காலையில் திடீரென்று டூட்டி போட்டுவிட்டார்கள். லைசென்ஸ் என்னிடமும் இருக்கிறது, இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன் என்ற தைரியத்தில் நானே எடுத்தேன். போகும்போது ஒரு குறையும் இல்லை. புள்ளையைப் பத்திரமாக இறக்கிவிட்டேன். திரும்பும்போதுதான் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு டீக்கடையைப் பார்த்து, இடது பக்கம் ஒடிக்கலாம் என்று இண்டிகேட்டரைப் போட்டேன். போட்டது வைப்பராம். அது கண்ணாடியில் இங்கிட்டும் அங்கிட்டும் ஆட, நான் அதைப் பார்த்துக்கொண்டே திருப்ப, பின்னால் ஸ்கூட்டரில் வந்த ஒரு அம்மா உன் காரின் இடது கதவில் மோதி விழ, நான் பதறி பிரேக்குக்குப் பதிலாக வேறெதையோ மிதிக்க, கார் போய்க் கரண்டு கம்பத்தில் முட்டித்தான் நின்றது.

அந்த அம்மா பெயர் ஹம்சவேணி, சேலை வியாபாரம். கை மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கூட்டத்தில் ஒருத்தர் என் காதருகே, "அண்ணே, பேசாமக் கெளம்பிருங்க" என்றார். எங்கே கிளம்புவது? அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் கிடக்கிறார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். அவர் வலியோடு சொன்னார்: "வைப்பர் போட்டீங்கல்ல சார், மழை வருதோன்னு நான் மேல பாத்துட்டேன். அதுக்குள்ள திருப்பிட்டீங்க." மாப்ள, எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்காரன், "அம்புட்டும் நான் பாத்துக்கிறேண்ணே. ஓட்டுனது அருண்பாண்டின்னு எழுதிக் குடுங்க. உங்க வயசப் பாத்தா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன் ஒண்ணும் தர மாட்டான்" என்றான். அருண்பாண்டியும், "எம்பேரையே சொல்லுங்கப்பா" என்று தலையை நீட்டினான். எனக்கும் ஆசைதான். உன்னிடமும் மாட்டாமல் தப்பிக்கலாமே! கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கூடப் பார்த்தேன். ஆனால் போலீஸில் ஹம்சவேணி அம்மா, "பெரியவர்தான் ஓட்டினார், அவரேதான் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்தார்" என்று சொல்லியிருந்தார். கட்டுப் போட்ட கையோடு கிடக்கிறவரைப் பொய்க்காரி ஆக்க மனசு வரவில்லை.

காரின் சேதத்தைக் கணக்கெடுக்க ஒர்க் ஷாப்புக்கு இன்ஷூரன்ஸ் சர்வேயர் தமிழ்மாறன் வந்தார். "யார் ஓட்டினது?"

"நான்தான் சார்."

"லைசென்ஸ் இருக்கா? ஓனர் சம்மதிச்சாரா?"

"இருக்கு. சம்மதிச்சான். ஆனா எம்மகன்தான் ஓட்டணும்னான்."

"அது உங்க குடும்பப் பிரச்சினை" என்று சிரித்தார். "லைசென்ஸ் உள்ளவர் சம்மதத்தோட ஓட்டினா போதும். ஆளை மாத்திச் சொல்லியிருந்தாத்தான் மொத்தமும் போயிருக்கும்." அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விட வெகுநேரம் ஆனது.

இனி ஒன்று. அந்த அம்மா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவார். போடச் சொன்னதே நான்தான். அதில் முதல் எதிர்மனுதாரர் நான், இரண்டாவது நீ. பதறாதே, மூன்றாவது இன்ஷூரன்ஸ் கம்பெனி, அவர்கள்தான் கொடுப்பார்கள். வருஷா வருஷம் முணுமுணுத்துக்கொண்டே பாலிசியைப் புதுப்பித்தாயே, அந்த முணுமுணுப்பு நல்லா இருக்கணும்! தமிழ்வாணி பாஸாகிவிட்டாள். கதவை நசுக்கினாலும் உன் கார் ஒரு டாக்டரை உருவாக்கிவிட்டது. உன்னை ஏமாற்றிப் பன்னிரண்டு நாள் மறைத்ததற்கு மன்னித்துவிடு. இத்துடன் உள்ள கிளெய்ம் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நீயும் உன் பிள்ளைகுட்டிகளும் நோய்நொடியின்றி, முக்கியமாக விபத்தின்றி, நூறு வருஷம் இருக்க வேண்டும்.

நன்றி மறவாத,
மொக்கைச்சாமி

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் அக்கா பார்த்துவிட்டு, "இதுக்கா ரெண்டு நாளா எழுதுனீங்க?" என்கிறாள். விபத்து நடந்த அன்று சாயந்திரமே உனக்குச் சொல்லிவிட்டாளாம். "மாமாவுக்கு அடி இல்லையே?" என்றுதான் கேட்டாயாம். "அவரா சொல்ற வரைக்கும் நீ கேக்காதக்கா, பாவம்" என்றாயாம். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய படிவம் அஞ்சு நாளாக பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கிறது. இப்போதுதான் எடுத்துக் காட்டினாள். நாலு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசில்லை, அனுப்புகிறேன். படித்ததும் போன் பண்ணி, இப்பத்தான் கேள்விப்படுற மாதிரி என்னை நல்லா நாலு வார்த்தை திட்டிரு மாப்ள. இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது.