ஊஃபர் மாமாவின் அஞ்சு கட்டை உறுமல்

இந்தியாவிலேயே முதன்முதலாக சப்வூஃபர் என்ற பூதத்தைக் கூப்பிட்டு வீட்டுக்குள் குடிவைத்தவர் எங்கள் பக்கத்து வீட்டு ஊஃபர் மாமாதான். மறுக்க நினைப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில், திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைத் தெருவில், அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பொதுவாக இருந்த ஒற்றைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு நாள் படுத்துத் தூங்கிப் பார்த்துவிட்டு மறுக்கட்டும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. செக்ரட்டேரியட்டில் சம்பளக் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது அவருக்கு ஞாபகம் வரும். மற்றபடி தெருவுக்கும் தபால்காரருக்கும் அவர் ஊஃபர் மாமா.

ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படத்தைப் பார்த்துவிட்டு, சாலைக் கடைத்தெருவில் தேடி, இடித்துவிட்ட சினிமாக் கொட்டகையின் ஸ்பீக்கர் ஒன்றை மாமா பிடித்துக்கொண்டு வந்தார். அண்டா மூடி அகலம் இருக்கும். அதைப் பொருத்த ஒரு பெரிய மரப்பெட்டி வேண்டும். வீட்டைச் சுற்றிப் பார்த்தவரின் கண், நெல் கொட்டி வைக்கும் பலாமரப் பத்தாயத்தில் போய் நின்றது.

"ஏன்னா! அதுல நெல்லு இருக்கு!" என்று சரசு மாமி அலறினாள்.

"நெல்லை டின்ல போட்டுக்கலாம்டீ. பாஸ் சத்தத்தை டின்ல போட முடியுமோ? நீயே சொல்லு!"

மாமி நெல்லை டின்னில் அள்ளிப் போட்டாள். பத்தாயத்தின் வயிற்றில் வட்டமாக ஓட்டை விழுந்தது.

தொடக்க விழாவுக்குத் தெருவே போயிருந்தது. குத்துவிளக்கு, தேங்காய் உடைப்பு, ஆளுக்கொரு உண்ணியப்பம், எல்லாம் ஜோராக நடந்தன. மாமா தன் கையாலேயே கட்டிய ஆம்ப்ளிஃபயரின் ஸ்விட்சைத் தட்டி, டேப்ரிக்கார்டரில் நாகஸ்வரக் கேசட்டையும் ஓடவிட்டார். பத்தாயம் "ம்ம்ம்ம்ம்ம்ம்" என்றது. அலமாரியில் பாத்திரங்கள் கிடுகிடுத்தன. நாங்கள் பக்தியோடு காத்திருந்தோம். பின்வரிசையில் ஒரு தாத்தா, "தம்புரா பேஷா இருக்கு. நாகஸ்வரம் எப்போ?" என்று கேட்டார். நாகஸ்வரம் பாதி கேசட்டைத் தாண்டியிருந்தது. அந்த உறுமலுக்கு அடியில் அது எங்கேயோ உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது.

வேறு யாராவது என்றால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாமாவுக்கோ உற்சாகம் பிய்த்துக்கொண்டு போயிற்று. "இது நம்ம செட்டோட தப்பில்லையாக்கும். வெளியிலேர்ந்து கரண்டுல ஏறி வரது. கள்ளனைப் பிடிக்காம விடமாட்டேன், கேட்டேளா!"

அன்றிலிருந்து தெருவுக்கு ஏழரை பிடித்தது. ஆபீஸ் விட்டு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறுவார். "செத்த ஃபேனை ஆஃப் பண்ணுங்கோ. ஃப்ரிஜ் உண்டோ? அதையும். கிரைண்டரா? அதுதான் எனக்கு முதல்லேர்ந்தே சம்சயம்!" என்று சொல்லிவிட்டு, உறுமல் நின்றதா என்று கேட்கத் தன் வீட்டுக்கு ஓடுவார். ஓடியவர் திரும்பி வந்து, மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. அரைகுறையாக அரைந்த இட்லி மாவோடும், வழியும் வேர்வையோடும் தெருவே உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் எல்லா வீட்டு ஃப்யூஸையும் பிடுங்க வைத்துவிட்டு, "நின்னுடுத்து! நின்னுடுத்து!" என்று தெரு நடுவில் குதித்தார். அப்புறம்தான் தெரிந்தது, வேகத்தில் தன் வீட்டு ஃப்யூஸையும் அவர் பிடுங்கியிருந்தார்.

பிறகு ஒரு சாயங்காலம், அலுத்துப்போய் ஆம்ப்ளிஃபயரின் இரும்பு மூடிமேல் கையை ஊன்றினார். உறுமல் பட்டென்று அடங்கியது. கையை எடுத்தார், உறுமியது. வைத்தார், அடங்கியது. மாமா ஆனந்தத்தில் அழுதே விட்டார்.

"சரசு! எர்த்து பத்தலை, அதாக்கும் காரியம்! மனுஷா தொட்டா எர்த்து ஆயிடறது. நீ வந்து இதைச் செத்த தொட்டுண்டு நில்லு, நான் பாட்டுக் கேக்கறேன்."

"நான் மடியா இருக்கேன். அதைச் சுத்தித் தோல் ஒட்டியிருக்கே!"

"அது தோல் இல்லைடீ, ரெக்ஸின்! ஈரப்புடவையோட நின்னா எர்த்து இன்னும் விசேஷமா இருக்கும்!"

"என்னை எர்த்துக்காகவா கல்யாணம் பண்ணிண்டேள்?" என்று கேட்டுவிட்டு மாமி உள்ளே போனவள், இரண்டு நாள் பேசவில்லை. பத்தாயம் மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயர் சூடு ஆறினால் சுபாவம் கெட்டுவிடும் என்று மாமா அதை அணைப்பதேயில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு அப்போது கல்யாண வயது. பாட்டும் படித்திருந்தேன். குரல் நன்றாகவே இருக்கும், சுருதிதான் நிற்காது. பெண் பார்க்க வந்தவர்கள் பல்லவி முடிவதற்குள் பஜ்ஜியை முடித்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சுருதிப்பெட்டியோ துருத்தி கிழிந்து ஈளை வந்ததுபோல் இழுக்கும். அதனால் பொதுச்சுவரைப் பார்த்து உட்கார்ந்து வெறுமனே பாடிப் பழகினேன். என்ன ஆச்சரியம், சில மாதங்களில் சுருதி கம்பி போல நின்றது. நான் தேறிவிட்டேன் என்று அப்பாவுக்குப் பெருமை. எனக்கு அதைவிடப் பெருமை.

அந்தச் சமயத்தில் கரமனையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனை எனக்கு முன்பே தெரியும். கோட்டை பஸ் ஸ்டாண்டில் என் பஸ்ஸுக்கே அவரும் நிற்பார். கண்டக்டர் திட்டினாலும் சிரித்துக்கொண்டே ஏறுகிற மனிதர். இவர்தான் வேண்டும் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. இடைஞ்சல் என்னவென்றால், அவருடைய அம்மா ஊரெல்லாம் பேர்போன பாட்டு டீச்சர். "பொண்ணு கறுப்போ சிவப்போ, சாரமில்லை. சுருதியோட பாடணும். சுருதி இல்லாத மாட்டுப்பொண் நம்மாத்துக்கு வேண்டாம்" என்று தரகரிடம் கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

அப்பா நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனார். "ஓய், ஞாயத்துக்கிழமை பொண்ணு பாக்க வரா. அதுக்குள்ள இந்தச் சப்தம் நிக்கணும். இல்லேன்னா ஆஃப் பண்ணிடும்."

"ஆஃப் பண்றதோ? அது தோத்தாப்லன்னா ஆச்சு! இது சாதாரணச் சப்தமில்லை ஓய். அஞ்சு கட்டை சுருதி! ஹார்மோனியம் வச்சு நோக்கிட்டேன்."

"ஆறு கட்டையா இருந்தாலும் நிக்கணும்!"

"உம்ம பொண்ணு, நம்ம விஜிக்காகவாக்கும். ஞாயத்துக்கிழமைக்குள்ள நிறுத்திக் காட்டறேன், பாரும்."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தபோது சுவர் "ம்ம்ம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. பாட்டு டீச்சர் காதைத் திருப்பினார். "அது என்ன?"

"தண்ணி மோட்டார். பழசு," என்றார் அப்பா, பக்கத்து வீட்டை மனதுக்குள் சபித்தபடி.

என்னைப் பாடச் சொன்னார்கள். சுருதிப்பெட்டி வேண்டாம் என்றேன். டீச்சரின் புருவம் உயர்ந்தது. கல்யாணியில் ஒரு கீர்த்தனையை எடுத்தேன். பல்லவி சுருதியில் அப்படியே போய் உட்கார்ந்தது. டீச்சர் மகனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பெட்டியே இல்லாம என்ன சுத்தம் பாரு!" எனக்குக் கால் தரையில் படவில்லை.

அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததை மாமி பிற்பாடு சொன்னாள். மாமா அவளுடைய கல்யாணச் சீர் செப்புக்குடத்தை எடுத்து, அதில் தடித்த கம்பியைக் கட்டிக் கொல்லைக் கிணற்றில் இறக்கிவிட்டார். கம்பியின் மறுமுனையை ஆம்ப்ளிஃபயரில் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். கிணற்றுத் தண்ணீரைவிட உசத்தியான எர்த்து உலகத்தில் உண்டா? அனுபல்லவியின் நடுவில் உறுமல் சுத்தமாக நின்றது.

"ஜெயிச்சாச்சு!" என்று சுவர் வழியே ஒரு கூக்குரல் கேட்டது.

எனக்குத் தொண்டைக்குள் தரையே காணாமல் போனது. இத்தனை மாதமாக நான் சுருதி பிடித்துப் பாடியது எதைக் கேட்டு என்று அந்த நிமிஷம்தான் மண்டையில் உறைத்தது. குரல் மெதுவாக இறங்கிற்று. பதறி ஏற்றினேன், அது மேலே போயிற்று. டீச்சர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டார். என் அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணில் தண்ணீர் முட்ட, எப்படியோ சரணத்துக்கு மூச்சை இழுத்தேன்.

"ம்ம்ம்ம்ம்" என்று சுவர் மறுபடி ஆரம்பித்தது.

அஞ்சு கட்டை. சுருதி சுத்தம். நான் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் இந்த முறை அந்தச் சத்தம் ஒரு மாதிரியாக இருந்தது. சற்றுப் போகும், நிற்கும், "ஹப்" என்று காற்றை இழுக்கும், மறுபடி ஓடும்.

"என்னது, மோட்டார் மூச்சு வாங்கறதே?" என்றார் டீச்சர்.

"ரொம்பப் பழசு," என்றார் அப்பா.

சரணத்தின் பாதியில் மோட்டாருக்கு இருமல் வந்தது. இருமுகிற இடைவெளியை நிரப்ப, மேல் ஸ்தாயியில் மெல்லியதாக இன்னொரு "ம்ம்ம்" கிளம்பியது.

"மோட்டார் ரெண்டோ?"

"ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது. மாத்தி மாத்தி ஓடும்," என்றார் அப்பா. என் அப்பா பொய் சொல்லி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். சமாளிக்கப் பிறந்தவர் மாதிரி சமாளித்தார்.

பையன் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு முதல் இருமலிலேயே விஷயம் விளங்கிவிட்டதாம். பாட்டு முடிந்தது. டீச்சர் டம்ளரை மறுபடி கையில் எடுத்தார். "அனுபல்லவியில பயந்துட்டா, பாவம். சரணத்துல தானே கண்டுபிடிச்சு வந்து நின்னாளே, அதுதான் சுருதி ஞானம்," என்று சொல்லிவிட்டு என் அம்மாவிடம் குங்குமச் சிமிழைக் கேட்டார். நெற்றியில் குங்குமம் வைத்து, பூவையும் அவர் கையாலேயே என் தலையில் சூட்டினார்.

அவர்கள் கிளம்பியதுதான் தாமதம், பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். மாமா சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வாயைச் சுற்றிச் சுண்ணாம்பு வட்டமாக ஒட்டியிருந்தது. பக்கத்தில் மாமிக்கும் அதே வட்டம். என் பாட்டு தடுமாறியதைக் கேட்டதும் மாமா பதறிக் கம்பியைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். வரவில்லை. குடத்தை இழுத்துப் பார்த்திருக்கிறார். அது கிணற்றுக்குள் கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டுவிட்டது. உடனே சுவரில் வாயை ஒட்டிக்கொண்டு தானே உறுமத் தொடங்கியிருக்கிறார்.

"குழந்தை மாட்டிண்டுட்டா, நீயும் 'ம்ம்ம்'னு மூளுடீன்னு கையைக் காட்டினார். மடியாவது ஒண்ணாவது, நானும் மூளினேன்," என்றாள் மாமி.

நான் விழுந்து நமஸ்காரம் பண்ணினேன். மாமா ஆசீர்வாதம் பண்ண வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. செருமிப் பார்த்தார், கனைத்துப் பார்த்தார். கடைசியில் காற்றும் கரகரப்புமாக ஒரு வாக்கியம் வந்தது.

"மோளே, கடைசி வரியில நீதான் கொஞ்சம் மேல போயிட்டே. நான் நின்ன எடத்துலதான் நின்னேன், கேட்டியோ."

"கேட்டுது மாமா," என்றேன். அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழவேண்டும் போல் இருந்தது. அதெல்லாம் எங்கள் தெருவில் வழக்கமில்லை. அடுக்களைக்குப் போய்ச் சுக்கு வெந்நீர் போட்டுக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, அவர் கடைசி வாய் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.