ஆறு ஸ்பீக்கரும் ஐந்து செருப்பும்

சாதாரண மனிதனுக்கு உயர்துல்லிய இசைத்தட்டு தேவையா என்று யாராவது கேட்டால் எனக்குச் செருப்புதான் ஞாபகத்துக்கு வருகிறது. சொல்லிச் சொல்லி அலுத்த கதை. நான் சொல்லாவிட்டால் வீட்டில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

இரண்டாயிரத்துக்குச் சற்றுப் பிந்தைய வருடங்கள். சிடி போதாது, அதைவிடப் பன்மடங்கு துல்லியம் என்று டிவிடி ஆடியோ வந்திருந்தது. ஓய்வுபெற்ற கையோடு, ஆறு ஸ்பீக்கர்களுடன் அதை வாங்கித் தொம்மலூர் வீட்டுக் கூடத்தில் வைத்தேன். (காது அதற்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்டது என்பது மனைவியின் கட்சி.) எனக்குப் பிடித்த பாட்டு ஒன்றுகூட அந்த ரகத்தில் கிடைக்கவில்லை. இருந்தது, கருவியோடு இலவசமாக வந்த ஒரே தட்டு. அதில் மழை பெய்தது.

மகள் ரேவதியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன், அப்பா, அம்மா. வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு. எங்கள் வாசல் தெருவைவிடப் பள்ளம். ரேவதிக்குப் பையனைப் பிடித்திருந்தது. கேசரியோடு நான் நிறுத்தியிருக்கலாம். மழையைப் போட்டேன்.

பையனின் அம்மா பதறி எழுந்தார். “ஏங்க, மழை! செருப்பெல்லாம் வெளியில கெடக்கு!”

வாசலில் சுள்ளென்று வெயில். வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே திரும்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. “சாதா சிடியில இப்படி ஏமாற முடியாதும்மா” என்று கதவைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, சத்தத்தைக் கூட்டி, அலைவரிசை பற்றி ஒரு பாடு பேசினேன். பையனின் அப்பா கொட்டாவியை விழுங்கினார்.

அந்த அம்மா மறுபடி நெளிந்தார். “சார், இது நெஜ மழை மாதிரியே...”

“உக்காருங்க சம்பந்தி.” (நிச்சயமே ஆகவில்லை, முந்திக்கொண்டேன்.) “இடி கேக்குதா? அது பின்னாடி இடது ஸ்பீக்கர். என்ன துல்லியம் பாருங்க!”

ரேவதி மெதுவாகச் சொன்னாள்: “அப்பா, டிஸ்க் அப்பவே முடிஞ்சு போச்சு.”

கதவைத் திறந்தோம். வாசல் குளமாகியிருந்தது. ஆறு செருப்பில் ஐந்து சாக்கடையோடு போய்விட்டன. ஒன்று மட்டும் பூந்தொட்டியில் மாட்டிக்கொண்டு ஆடியது. பையனின் அப்பா அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மனைவியிடம், “கெளம்பலாமா?” என்றார். மகளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பையன் சிரிக்க ஆரம்பித்தான். “சக்கத்தா, பிரமாதமா இருக்கு அங்கிள் உங்க சிஸ்டம்! செருப்பையே இழுத்துட்டுப் போயிடுச்சே!”

ரேவதியும் சிரித்துவிட்டாள். பிழைத்தேன்.

மூவரும் எங்கள் குளியலறைச் செருப்புகளோடு ஆட்டோ ஏறினார்கள். கல்யாணம் நடந்தது. அந்த டிஸ்க் ரகம் கடைகளிலிருந்து காணாமல் போனது. பேரன் எல்லாப் பாட்டையும் செல்போனில் கேட்கிறான். ஒரு குறையும் சொல்வதில்லை. ஆறு ஸ்பீக்கரையும் எண்ணித் துடைத்து வைப்பது என் வேலை.

சம்பந்தியம்மா மட்டும், வானம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், செருப்பைப் பையில் போட்டு உள்ளே எடுத்து வந்துவிடுகிறார். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் காப்பி குடிப்பார்.